சூடை

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்
குளிருது என்றால்
யார் நம்புவார்கள்?

முதல் வருஷம் நானே நம்பவில்லை.
மண்டபம் வடக்குத் துறையில்
சித்திரை வெயில் படகின் தாரை உருக்குகிறது,
நான் முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு
பார் எண்ணுகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது பாரில் எண்ணிக்கை விட்டுப்போகிறது.

"ரொசாரி அக்காவுக்குள்ள ஐஸ் ஏறிருச்சு"
என்றான் கிரஷர் ஓட்டும் கென்னடி.
முகம் உப்பியதைச் சதை பிடித்தது என்றார்கள்.
சீப்போடு வந்த முடிக்குப்
போர் தண்ணீரைத் திட்டினார்கள்.

தடைக்காலம் வந்தது.
அறுபத்தொரு நாள் கம்பெனி பூட்டு.
குளிர் விட்டுவிடும் என்றிருந்தேன்.
வீட்டில், அடுப்புக்கு முன்னால், குளிர்ந்தது.

ராம்நாட்டுக்குப் பஸ் ஏறினேன்.
டி.எஸ்.எச். பத்தொன்பது புள்ளி நாலு.
லேப்காரப் பெண் அதன் கீழே
இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தாள்,
சம்பளத்தில் பிடித்தத்துக்கு
நான் இழுப்பதைப் போலவே.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டு
விழுங்கு என்றார். எச்சில் வரவில்லை.
பிறகு ரசீதின் முதுகில் படம் போட்டுச் சொன்னார்:
"சுரப்பி அனுப்புற சரக்குல பெரும்பாலும் நாலு அயோடின்.
உடம்பு வேலைக்கு எடுக்கறது மூணு உள்ளதை.
ஒண்ணைக் கழட்டுற கருவிக்குள்ள
செலீனியம்னு ஒண்ணு, துளியூண்டு."

எனக்கு அது கிரஷராகத்தான் விளங்கியது.
முழுப் பாரை மீன்மேல் வைத்து என்ன செய்ய?
உடைக்க வேண்டும்.
உடைக்கப் பல் வேண்டும்.

சீட்டில் அவர் எழுதியது ஒரே மாத்திரை,
விடிந்ததும் வெறும் வயிற்றில்.
பல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
அதை நானே தேடினேன்.
குவைத்திலிருந்து கொழுந்தன் கொண்டுவந்தான்,
பச்சை மூடி போட்ட டப்பா.
ஒன்று போட்டேன். இரண்டு போட்டேன்.
கடல் திறந்த வாரம் நாலு.

நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.
பேனா மூடியைத் திறக்கும்போதே
கட்டைவிரல் நகம் பிளந்தது.
மறுபடியும் முடி.

"பூண்டு தின்னியளாக்கா?"
கென்னடி மூக்கைப் பொத்தினான்.
ராத்திரி வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
பூண்டு கிலோ நானூறு விற்ற மாசம்,
எங்கள் வீட்டில் மருந்துக்கும் ஒரு பல் கிடையாது.

டாக்டரம்மா வாசனையிலேயே கண்டுபிடித்தார்.
டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்து
மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.
"குறைஞ்சாலும் கேடு, கூடினாலும் கேடு.
மீன்லயே இருக்கு, முட்டைல இருக்கு.
உனக்குக் கருவி கெடலை, ரொசாரி.
உன் உடம்பே உன் சுரப்பியைக் கடிக்குது.
அதுக்குத்தான் அந்த ஒத்தை மாத்திரை."

ஏன் கடிக்கிறது என்று கேட்டேன்.
தெரியலை என்றார்.
ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

செலீனியம் என்றால் நிலா என்று அர்த்தமாம்.
வீட்டுக்காரரிடம் சொன்னேன்.
"நிலாக் காலத்துல சூடை படாது" என்றார்,
வலையிலிருந்து தலை தூக்காமல்.

சூடை, பெயரிலேயே சூடு வைத்திருக்கிற மீன்.
கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாய்ப் போகிறது,
கிலோ பதினெட்டு ரூபாய்.
எழுதுகிறவள் நான்தான்.
அதை விட்டுவிட்டுக்
கண்காணாத ஊர் டப்பாவுக்கு
இரண்டு மாசச் சீட்டுப் பணம் கொடுத்தவளும் நான்தான்.

இப்போது சாயங்காலம்
கூடைக்காரி அல்போன்சாளிடம் ஒரு கூறு வாங்குகிறேன்.
புளி கூட்டி, தேங்காய் குறைத்து.
மருந்து என்று நினைத்துத் தின்றால் இறங்குவதில்லை.
முள்ளைப் பார்த்துத் தின்றால் இறங்குகிறது.

வெள்ளைக் கோடு நகத்தில் மெல்ல நகர்ந்து
நுனிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவேன்.
குளிர் போய்விட்டதா என்று கென்னடி கேட்கிறான்.
போகவில்லை.
ஆனால் இன்று
பதினேழாவது பார் வரை எண்ணினேன்,
அவன் குறுக்கே பேசிக்கொண்டே இருந்தும்.